மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ 4: திரையிலிருந்து தாள் வரை ஒரு தமிழ்ப் பாடகர் குழுவின் மதிப்புரை

சேலத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஸ்டாஃப் எனப்படும் ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் முறையில்) பாடல்களைத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ என்ற, இசைக்குறிகளை எழுதி அச்சிட உதவும் இலவச மென்பொருளைப் பற்றி இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பியானோ மாணவர்களையும் கிதார் கலைஞர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட மதிப்புரைகளுக்குக் குறைவில்லை. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலுக்கும் எழுதி, அடியில் தமிழ் வரிகளை இட்டு, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கண்ணாடி போட்ட பெரியவர்களின் கையில் கொடுக்க வேண்டியவருக்கு இது எப்படிப் பயன்படும் என்பதுதான் என் கேள்வி. தயங்காமல் பரிந்துரைக்கலாம் என்பது என் முடிவு. ஆனால் திரையில் ஒழுங்காகத் தெரிந்த ஸ்கோர் (சுரங்கள் எழுதிய பிரதி) தாளில் கெட்டு வரும்போது பழி முழுவதும் மென்பொருளின் மேல் விழுகிறது. நான் பார்த்தவரை, காரணம் பெரும்பாலும் எழுத்துரு, தாளின் அளவு, பிரிண்டர் அமைப்பு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது. ஆகவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அச்சைப் பற்றியதாகவே இருக்கும்.

வெர்னர் ஷ்வீர் 2002-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. இதன் 4-ஆம் பதிப்பு 2022 டிசம்பரில் வெளிவந்தது. சுரங்களை உள்ளிடுவது, குரல்களைப் பிரிப்பது, சுருதி மாற்றுவது போன்ற அடிப்படை வேலைகளில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு இது சற்றும் இளைத்ததில்லை. பாடலைக் கேட்டுப் பார்ப்பதற்கான மியூஸ் சவுண்ட்ஸ் ஒலித்தொகுப்பு தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியது. அச்சுக்காக மட்டும் பயன்படுத்துபவர் அதை விட்டுவிடலாம், பழைய கணினிகளில் விட்டுவிடுவதே நல்லது. இசைக்குறிகளுக்கு இது முதலில் எடுத்துக்கொள்ளும் எழுத்துருவின் பெயர் லேலண்ட். ஸ்கோர் என்ற முன்னோடி மென்பொருளை உருவாக்கிய லேலண்ட் ஸ்மித்தின் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. 2021-இல் வந்த 3.6 பதிப்பில் அது சேர்ந்தது. தடித்த, தெளிவான குறிகள் என்பதால், சேலத்துத் தேவாலயங்களின் மங்கலான மாலை வெளிச்சத்திலும் அவை கண்ணுக்குப் பிடிபடுகின்றன.

தமிழ் வரிகளை இடும் இடத்தில்தான் பொறுமை தேவைப்படுகிறது. சுரத்தைத் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல் விசையுடன் எல் விசையைத் தட்டினால் வரி எழுதும் இடம் திறக்கும். ஹைஃபனைத் தட்டினால் அதே சொல்லின் அடுத்த அசைக்கும், இடைவெளி விசையைத் தட்டினால் அடுத்த சொல்லுக்கும் அது நகரும். ஆங்கில ஒலிப்பில் தட்டி, இடைவெளி விசையால் சொல்லை உறுதிசெய்யும் வகை உள்ளீட்டுக் கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு இங்கே தொல்லை தொடங்குகிறது. சொல் முடிவதற்குள் சுட்டி அடுத்த சுரத்துக்குத் தாவிவிடும். தமிழ்99 அல்லது அஞ்சல் விசைப்பலகையில் இந்தச் சிக்கல் இல்லை. அதைவிட எளிய வழி, பாடலை நோட்பேடில் அசை பிரித்து ஹைஃபனோடு எழுதிக்கொண்டு, மொத்தமாக நகலெடுத்து, முதல் சுரத்தில் நின்றபடி கன்ட்ரோலுடன் வி விசையை மீண்டும் மீண்டும் தட்டுவது. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அசை அதனதன் சுரத்தின் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஒரு வசதிக்காகவே இந்த மென்பொருளை நான் விட மாட்டேன்.

அசையைப் பாடுகிறபடி பிரிக்க வேண்டும் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புள்ளி வைத்த எழுத்து முந்தைய அசையோடு நிற்க வேண்டும். 'அல்-லே-லூ-யா' என்று பிரித்தால் பாடகர் முதல் சுரத்திலேயே அந்த மெய்யை ஒலித்து முடிப்பார். 'அ-ல்லே-லூ-யா' என்று பிரித்தால் அந்த மெய் அடுத்த சுரத்தின் தலையில் ஏறி, முப்பது குரல்களும் முப்பது விதமாக உச்சரிக்கும். எந்த மென்பொருளும் இதை நமக்காகச் செய்து தராது.

எழுத்துரு விஷயத்தில் இரண்டு இடங்களில் கண் வைக்க வேண்டும். பாடல் வரிகளுக்கான எழுத்துருவை மியூஸ்ஸ்கோர் ஒரே பாணியில் வைப்பதில்லை. ஒற்றைப்படை வரிகளுக்கு ஒன்று, இரட்டைப்படை வரிகளுக்கு ஒன்று என்று இரண்டு பாணிகளாக வைத்திருக்கிறது. ஒற்றைப்படைக்கு மட்டும் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவைக் கொடுத்துவிட்டு நிறுத்தினால், முதல் சரணமும் மூன்றாவது சரணமும் ஓர் எழுத்திலும், இரண்டாவதும் நான்காவதும் கணினி தானாகத் தேடி எடுத்த வேறோர் எழுத்திலும் வரும். பாணிப் பட்டியலில் இவ்விரண்டும் அடுத்தடுத்தே இருக்கின்றன. இரண்டையும் மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. அடுத்தது, பழைய கோப்புகள். ஒருங்குறி (யூனிகோடு) வருவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வரிகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று திரையில் நிற்கும். அந்தப் பாமினி எழுத்துருவைத் தேடி நிறுவி ஒப்பேற்றுவதைவிட, வரிகளை எழுத்துரு மாற்றியில் கொடுத்து ஒருங்குறிக்குக் கொண்டுவந்து புதிதாக ஒட்டிவிடுவதே நிரந்தரத் தீர்வு.

தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் சுரங்களின் இடைவெளியும் பாதிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒரு வரிசையில் நான்கு பார்கள் (செங்குத்துக் கோடுகளால் பிரித்த தாளப் பகுதிகள்) அடங்கும் பாடல், தமிழில் இரண்டரைக்கே மூச்சுத் திணறும். 'ணௌ', 'ஞானம்' போன்றவை ஓர் எட்டிலொரு பங்குச் சுரத்தின் கீழ் வந்தால், அதற்கு இடம் விடுவதற்காக மென்பொருள் அந்தச் சுரத்தை மட்டும் தள்ளி வைக்கும். கண்ணுக்குத் தாளம் கோணலாகத் தெரியும். வரிகளின் எழுத்தளவை வழக்கமான 10 புள்ளியிலிருந்து 9-க்குக் குறைத்து, ஒரு வரிசைக்கு மூன்று பார்கள் என்று நாமே வரிசையை முறித்துக் கொடுத்தால் பெரும்பாலும் நேராகிவிடுகிறது. 8 புள்ளிக்குக் கீழே போவதை நான் ஏற்கவில்லை. 'ன'வும் 'ண'வும் அதில் ஒன்றாகிவிடும். 'கூ', 'ழூ' போன்ற எழுத்துகளின் கால்கள் அடுத்த ஸ்டாஃபின் மேல் கோட்டைத் தொடாதபடி, பாணி அமைப்பில் ஸ்டாஃபுகளுக்கு இடையிலான தூரத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பதும் நல்லது.

இனி அச்சுக்கு வருவோம். அச்செடுத்த தாளின் மேல் ஒரு சாதாரண ஸ்கேலை வைத்து, ஒரு ஸ்டாஃபின் மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை அளந்து பாருங்கள். மியூஸ்ஸ்கோரின் இயல்பான அமைப்பில் இரண்டு கோடுகளுக்கு இடைவெளி 1.75 மி.மீ.; அப்படியானால் ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 7 மி.மீ. இருக்க வேண்டும். தாளில் 6.7 வந்தால், கடையில் 'ஃபிட்' என்ற தேர்வோடு அடித்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலான லேசர் பிரிண்டர்களால் தாளின் நான்கு விளிம்புகளிலும் சுமார் 4 மி.மீ. வரை அச்சிட முடியாது; அந்த எல்லைக்குள் முழுப்பக்கத்தையும் அடக்க, பிரிண்டர் எல்லாவற்றையும் 96 விழுக்காட்டுக்குச் சுருக்கிவிடுகிறது. 6.5 மி.மீ. வந்தால் கோப்பே ஏ4 அளவில் இல்லை, அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். லெட்டர் தாள் 216 மி.மீ. அகலமும் 279 மி.மீ. உயரமும் கொண்டது; ஏ4 தாளோ 210-க்கு 297. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கோப்பு என்றால் முதலில் பக்க அமைப்பைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 5 மி.மீ. வந்தால், தாளை மிச்சம் பிடிப்பதற்காக இரண்டு பக்கங்களை ஒரே தாளில் அடித்திருக்கிறார்கள். இளைஞர்கள் சமாளித்துவிடுவார்கள், அறுபது வயதைக் கடந்த பேஸ் குரல்காரர்களால் முடியாது.

செரி ரோட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகள் கல்லூரி புராஜெக்டுகளுக்கும் விண்ணப்பங்களுக்கும் பழகியவை. அவர்களுக்கு 'ஃபிட்' என்பது பாதுகாப்பான தேர்வு. ஓரம் வெட்டுப்படாது என்பதே அவர்கள் கவலை. அதில் குற்றம் காண இடமில்லை. 'ஆக்சுவல் சைஸ் போடுங்க தம்பி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போட்டுத் தருகிறார்கள். நான் இப்போது தொடர்ந்து போகும் கடையின் தம்பி, பிரிண்ட் திரையை என் பக்கம் திருப்பி, 'நீங்களே ஒரு தடவை பாத்துடுங்கண்ணா, அப்புறம் அடிச்சுக்கலாம்' என்று சொல்லுவார். ஸ்கோர் அச்செடுக்கக் கடையைத் தேர்ந்தெடுப்பவர்கள் விலையைவிட, இயந்திரத்தின் புதுமையைவிட, இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். முதலில் ஒரே ஒரு பக்கம் அடித்து, ஸ்கேலால் அளந்துவிட்டு, பிறகு முப்பது பிரதிகள் கேளுங்கள்.

அளவு சரியாக இருந்தும், ஸ்டாஃபின் ஐந்து கோடுகளில் இரண்டு தடிமனாகவும் மூன்று மெலிந்தும் வருகிறதென்று பலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். இதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. மியூஸ்ஸ்கோர் 4-இல் ஸ்டாஃப் கோட்டின் தடிமன் கோட்டு இடைவெளியில் 0.11 பங்கு, அதாவது சுமார் 0.19 மி.மீ. பிரிண்டர் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் அடித்தால் ஒரு புள்ளி 0.085 மி.மீ.; கோட்டுக்கு இரண்டேகால் புள்ளி தேவைப்படுகிறது. கால் புள்ளியை அடிக்க முடியாது என்பதால் கோடு விழும் இடத்தைப் பொறுத்துச் சில கோடுகள் இரண்டு புள்ளியாகவும் சில மூன்று புள்ளியாகவும் வரும். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் கையெட்டும் தூரத்திலேயே தெரிந்துவிடும். 600 டி.பி.ஐ.யில் அதே கோடு நான்கரைப் புள்ளி. நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் பாடுகிறவர் கண்ணில் படுவது அரிது. 1200 கிடைத்தால் இன்னும் நல்லது. எனவே கடையில் 600-க்குக் குறையாமல் கேட்க வேண்டும். டோனரை மிச்சம் பிடிக்கும் எக்கானமி தேர்வை அணைக்கச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வில் கோடுகள் சாம்பல் நிறத்தில் வெளிறி, சுரத்தின் தலைகள் மட்டும் மிதப்பது போல் இருக்கும். வண்ண பிரிண்டரில் அடிப்பதாக இருந்தால் கறுப்பு வெள்ளை என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கலர் மைகளைச் சேர்த்துக் கறுப்பாக்கும்போது மெல்லிய கோடுகளின் ஓரத்தில் நீலமோ சிவப்போ கசியக்கூடும். திரையில் மட்டும் கோடுகள் ஏற்றத்தாழ்வாகத் தெரிந்து தாளில் சரியாக வந்தால், அது பிடிஎஃப் வாசிப்பானின் வேலை. அடோபி ரீடரில் மெல்லிய கோடுகளைத் தடிமனாக்கிக் காட்டும் ஒரு தேர்வு உண்டு, அதை நீக்கிவிட்டால் போதும்.

கடைக்குக் கோப்பை எப்படிக் கொண்டுபோகிறோம் என்பதிலும் பாதிப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. மியூஸ்ஸ்கோரிலிருந்து பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால், எழுத்துருக்களும் அதனுள்ளேயே பொதிந்து போகின்றன. கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் 'கொ'வின் கொம்பும் காலும் பிரிந்து நிற்காது. கோடுகளும் குறிகளும் வரைவடிவமாகவே இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. படமாக ஏற்றுமதி செய்து வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால், வழியிலேயே அது சுருக்கப்பட்டு, எட்டிலொரு பங்குச் சுரத்தின் கொடிகளும் புள்ளிகளும் கரைந்துவிடும். வாட்ஸ்அப்தான் வசதி என்றால் பிடிஎஃப் கோப்பை டாக்குமெண்டாக அனுப்புங்கள். அது எந்த மாற்றமும் இல்லாமல் போய்ச் சேரும்.

புத்தக வடிவில் மடித்துத் தைக்க விரும்புகிறவர்களுக்கு மியூஸ்ஸ்கோருக்குள் வழி இல்லை. பக்கங்களை அதற்கேற்ப வரிசை மாற்றும் வேலையை அடோபி ரீடரின் புக்லெட் தேர்வு செய்கிறது. எட்டுப் பக்கப் பாடலென்றால் வெளித்தாளின் ஒரு முகத்தில் எட்டும் ஒன்றும், மறுமுகத்தில் இரண்டும் ஏழும், உள்தாளில் ஆறும் மூன்றும், நான்கும் ஐந்தும் வர வேண்டும். ஏ3 தாளில் இப்படி அடித்து நடுவில் மடித்தால் ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7 மி.மீ. அளவிலேயே நிற்கும். இருபுறமும் அடிக்கும்போது தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்ல வேண்டும். நீண்ட விளிம்பில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக விழும். மொத்தப் பக்கம் நான்கால் வகுபடாவிட்டால் வெற்றுப் பக்கங்கள் தானாகக் கடைசியில் சேர்ந்துவிடும் என்பதால், வேண்டுமானால் முன்னால் ஒரு தலைப்புப் பக்கம் வைத்துச் சரிக்கட்டலாம். இந்த அமைப்பில் தாள் புரட்டுவது எப்போதும் ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசியில்தான். அங்கே ஆர்கன் வாசிப்பவருக்கு ஒரு பார் அளவாவது ஓய்வு கிடைக்கும்படி பக்கத்தை முறித்துக் கொடுப்பதை எழுதுகிறவரின் கடமையாகவே கருதுகிறேன். பாடகர்களுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது. ஆர்கனிஸ்டுக்கு அந்த வசதி இல்லை.

தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாளில் இருபுறமும் அடித்தால் பின்பக்கச் சுரங்கள் முன்பக்கம் நிழலாகத் தெரிகின்றன. சேலத்து வெயிலுக்கு முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறியின் கீழ் அந்தத் தாள் ஸ்டாண்டில் நிற்பதும் இல்லை. 100 ஜி.எஸ்.எம். தாள் இரண்டு குறையையும் தீர்க்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் பாடுவதற்காக ஏற்காட்டுக்குப் போகும் குழுக்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர்ப் பனிமூட்டத்தில் பிரித்து வைத்த தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதை லேசர் பிரிண்டருக்குள் விட்டால், டோனரை உருக்கும் சூட்டில் ஒரு பக்கத்து ஈரம் ஆவியாகி, தாள் சுருண்டு, இருபுற அச்சின்போது உள்ளே சிக்கிக்கொள்கிறது. மலையில் அச்செடுத்தே தீர வேண்டுமென்றால் பிரிக்காத கட்டிலிருந்து தாளை எடுத்து உடனே அடிக்க வேண்டும். கீழே சேலத்திலேயே அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போவதையே நான் சொல்லுவேன்.

பழைய ஸ்கோர்களை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. 1988-இல் வெளிவந்து பல பத்தாண்டுகள் கோலோச்சிய ஃபினாலே மென்பொருளின் மேம்பாட்டை நிறுத்துவதாக மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதில் எழுதிய பாடல்கள் உங்களிடம் இருந்தால், அந்த மென்பொருள் உங்கள் கணினியில் ஓடும்போதே எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற, இசை மென்பொருள்களுக்கு இடையே பரிமாறும் பொது வடிவில் சேமித்துவிடுங்கள். மியூஸ்ஸ்கோர் அதைத் திறக்கும். சுரங்களும் அசைகளும் பத்திரமாக வரும். பக்க அமைப்பை மட்டும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். வரிகள் பாமினியில் இருந்தவை என்றால், மேலே சொன்ன எழுத்துரு மாற்றமும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, 4-ஆம் பதிப்பில் சேமித்த கோப்பை 3-ஆம் பதிப்பில் திறக்க முடியாது. பழைய கணினி வைத்திருக்கும் உறுப்பினருக்கு அனுப்பும்போது இங்கேயும் மியூசிக்எக்ஸ்எம்எல் தான் கைகொடுக்கும்.

எனக்கு இந்த மென்பொருளிடம் உள்ள ஒரே பெரிய குறை, டானிக் சோல்ஃபா. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் மூத்த பாடகர்கள் பலர் ஐந்து கோடுகளைப் படித்தவர்கள் அல்லர். ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரப்பிய, சுரங்களை எழுத்துகளாலேயே குறிக்கும் முறையில், முக்காற்புள்ளிகளும் சிறு கோடுகளும் கொண்டு தாளத்தைக் காட்டும் சோல்ஃபாவில்தான் பார்த்த மாத்திரத்தில் பாடுவார்கள். மியூஸ்ஸ்கோரில் சுரத்தின் தலைக்குள்ளேயே டோ, ரே, மி என்று பெயர் காட்டும் தேர்வு இருக்கிறது. ஆனால் 7 மி.மீ. ஸ்டாஃபில் சுரத்தலையின் உயரம் 1.75 மி.மீ. மட்டுமே, அதற்குள் அடங்கும் எழுத்து ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கோட்டு இடைவெளியை 2.5 மி.மீ. வரை பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிறது, அப்போது பக்கங்கள் பெருகிவிடுகின்றன. கர்வன் முறையின் தாளக் குறிகளோ அதில் அறவே இல்லை. வரிகளின் இடத்தில் சோல்ஃபாவை எழுதலாமென்றால், ஹைஃபன் விசை அசை பிரிக்கும் வேலைக்குப் போய்விடுவதால் நீட்டல் கோட்டை நேராகத் தட்ட முடிவதில்லை. ஸ்டாஃப் டெக்ஸ்ட் என்ற தனி எழுத்தாகச் சுரத்துக்குச் சுரம் ஒட்டித்தான் நான் இப்போது சமாளிக்கிறேன். நான்கு குரலுக்கும் அப்படிச் செய்வது ஒரு மாலைப்பொழுதை விழுங்கிவிடுகிறது. மியூஸ்ஸ்கோருக்கான செருகுநிரல்களை (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களை) க்யூஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகள் தெரிந்த எவரும் எழுதலாம். சுரத்தையும் அதன் கால அளவையும் படித்து சோல்ஃபா வரியாகத் தரும் ஒன்றைச் சேலத்துப் பொறியியல் மாணவர்கள் யாராவது இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துச் செய்ய முன்வந்தால், கர்வன் முறையின் விதிகளை முழுமையாக எழுதிக் கொடுக்கவும், முடிந்ததைக் குழுவின் நடுவில் வைத்துச் சோதித்துக் கொடுக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.